முசியே பக்கோடாவும் நோணாங்குப்பத்துப் போலியும்

புதுச்சேரியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைகள் கதவைச் சாத்திக்கொள்ளும். பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போய்விட்டான். அவன் தூங்கிய மதியத் தூக்கம் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. நெல்லித்தோப்பு மாடியறை ஒன்றில், அண்ணி பாக்கியலட்சுமி நடத்தும் துப்பறியும் நிலையத்தில், ராஜவேலும் அப்படித்தான் பாதிக் கனவில் மிதந்துகொண்டிருந்தான்.

தொழிலென்னவோ மாப்பிள்ளை விசாரிப்பதுதான். பையன் குடிக்கிறானா, வேலை உண்மையா என்பதற்கு மேல் எந்த மர்மமும் அந்த மாடிப்படி ஏறியதில்லை. ஒரு கொலையாவது வராதா என்று நாற்பது வயதிலும் ராஜவேல் ஏங்கிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு முதலில் சென்ட் வாசனை வந்தது. அடுத்து தங்கச் சங்கிலி வந்தது. அவற்றின் பின்னால் செம்மல் வந்தார். ‘முசியே பக்கோடா’ கடையின் நிறுவனர். விசிட்டிங் கார்டில் ‘பக்கோடா உலகின் பேரொளி’ என்று போட்டிருந்தது.

“மேடம், என் பேர திருடிட்டாங்க!”

ராஜவேல் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“யாரு?” என்றாள் பாக்கியலட்சுமி, கொட்டாவியை மறைக்காமல்.

“நோணாங்குப்பம் படகுத்துறையில அன்னக்கிளின்னு ஒரு பொம்பள. தள்ளுவண்டி மேல ‘முசியே பக்கோடா’ன்னு போர்டு மாட்டி விக்கறா. கேஸ் போட்டுட்டேன். வெள்ளிக்கிழமை கோர்ட்டு ஆளுங்க போயி வண்டி, எண்ணெச்சட்டி எல்லாத்தையும் தூக்கிடுவாங்க. துப்பறியறவங்க ஒருத்தர் நேர்ல பாத்து சாட்சி சொன்னா பலம்னு வக்கீல் சொல்றாரு. வண்டி இருக்கு, போர்டு இருக்கு, விக்கறா. அவ்ளோதான் சொல்லணும். ரொம்ப ஆழமாலாம் தோண்ட வேணாம்.”

“கேஸ் ஜெயிச்சா உங்களுக்கு என்ன?”

செம்மலின் கண்கள் தொலைவுக்குப் போயின. “பெரும்புகழ் பெற்ற பேருங்கன்னு சர்க்காருல ஒரு பட்டியல் இருக்குது மேடம். சோப்பு, காரு, பிஸ்கெட்டுன்னு எல்லாம் பெரிய பெரிய தலைங்க. அதுல நம்ம முசியேயும் ஏறணும். போலிய எதிர்த்து ஜெயிச்ச கேஸ் கையில இருந்தா நல்லதாம்.”

“இதுக்கு முன்னாடி யாராச்சும் உங்க பேர காப்பி அடிச்சிருக்காங்களா?”

எண்ணெய் வடிந்த பக்கோடா போல அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. “அடிச்சிருப்பாங்க. நமக்குத் தெரியாம.”

ஒரு பை பக்கோடாவை வைத்துவிட்டுப் போனார். பையின் மேல் கடையின் சின்னமான முசியே, அதாவது தொப்பி போட்ட பிரெஞ்சு துரை ஒருவர், மீசை தொங்கிப்போய், பென்ஷன் நின்றுபோனவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்டி தம்பி இருக்கு?”

“சத்தம் நல்லா வருது அண்ணி,” என்றான் ராஜவேல், மென்றபடி.

*

நோணாங்குப்பத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கடற்கரைக்குப் போன படகுகள், திரும்பி வருகின்றனவா இல்லை வருவதாகத் தோன்றுகிறதா என்று சொல்ல முடியாத வேகத்தில் வந்தன. காலில் மணலோடு இறங்கியவர்கள் தூக்கத்தில் நடப்பவர்களைப் போல ஒரே திசையில் நடந்தார்கள். அங்கேதான் அன்னக்கிளியின் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. பாக்கியலட்சுமியும் ராஜவேலும் அதன் முன்னால் போய் நின்றார்கள்.

“போர்டா? அத நான் எங்க செஞ்சேம்மா?” என்றாள் அவள், கரண்டியை நிறுத்தாமல். “குட்டியானை வண்டியில கொண்டாந்து ஒருத்தன் எறக்கிட்டுப் போனான். ‘கம்பெனில குடுக்கறாங்க, சும்மாதான், மாட்டிக்க’ன்னான். கூல்டிரிங்ஸ் கம்பெனிக்காரன் பொட்டிக்கடைக்கு போர்டு குடுக்கறதில்ல? அது மாதிரின்னு நெனச்சேன். வெயில மறைக்குது, கெடக்கட்டும்னு உட்டுட்டேன்.”

“மாவு, எண்ணெயெல்லாம் யாரு குடுக்கறா?” என்றாள் பாக்கியலட்சுமி.

“யாரு குடுப்பா? எல்லாம் என்துதான்.” அவள் குரல் இறங்கியது. “வெள்ளிக்கிழம வண்டிய தூக்கிடுவாங்களாமே? எங்கூட்டுக்காரரு வேல பாத்த மில்லு மூடனதுலேர்ந்து இந்தச் சட்டிதாம்மா எங்க எல்லாருக்கும் சோறு போடுது.”

ராஜவேல் ஒரு பக்கோடாவை வாயில் போட்டான். உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் அந்த நிமிஷமே மன்னித்துவிட்டான். அந்தப் பெருந்தன்மையோடு போர்டை அண்ணாந்து பார்த்தான். அதே தொப்பி, அதே வெள்ளைக்காரர். ஆனால் இவர் மீசையை வானம் பார்க்க முறுக்கி, மார்பில் ஒரு பதக்கத்தைக் குத்திக்கொண்டிருந்தார்.

“போலின்னாலும் அசலவிட அம்சமா இருக்கான் அண்ணி.”

பாக்கியலட்சுமி அந்த மீசையை வெகுநேரம் பார்த்தாள். அவள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதாக ராஜவேல் நினைத்தான்.

*

வியாழக்கிழமை மதியம், பாக்கியலட்சுமி வரச்சொன்னபடி, செம்மலின் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லோரும் கூடினார்கள். செம்மல், அவருடைய வக்கீல், மேனேஜர் கமலக்கண்ணன், ஒரு ஓரமாக அன்னக்கிளி. ஊரே குறட்டை விடும் நேரத்தில் நீதி விசாரணை நடப்பது ராஜவேலுக்குக் கனவு போலவே இருந்தது. கனவில் வரும் துணிச்சலோடு அவன் எழுந்தான்.

“கமலக்கண்ணன்தான் ஆளு! மொதலாளி மேல கடுப்பு. பேர கெடுக்க போர்டு செஞ்சு குடுத்திருக்காரு!”

கண் அயர்ந்திருந்த கமலக்கண்ணன் திடுக்கிட்டு விழித்தார். “நானா? மூக்கு சிந்தவே லீவு கெடைக்கல. நான் எங்க சார் போயி போர்டு செய்யறது?”

“ஒக்காரு தம்பி,” என்ற பாக்கியலட்சுமி, சுவரோரம் பட்டுத்துணி போர்த்தி நின்ற ஒன்றைக் காட்டினாள். “அது என்ன சார்?”

செம்மலின் மார்பு விரிந்தது. “நம்ம புதுச் சின்னம்! மாசி மகத்தன்னிக்கு தெறப்பு விழா.”

“பாக்கலாமா?”

திரை விலக்குவதில் அவருக்கு எப்போதுமே ஆசை உண்டு. துணி சரிந்து விழுந்தது. முசியே மீசையை முறுக்கிக்கொண்டு, மார்பில் பதக்கத்தோடு நின்றார். இவரை ஏதோ கனவில் பார்த்திருக்கிறோமே என்று ராஜவேலுக்குத் தோன்றியது.

“அழகா இருக்கு. யாரெல்லாம் பாத்திருக்காங்க?”

“ஈ காக்கா பாக்கல மேடம்! சென்னையில வரைஞ்சு பொட்டியோட வந்துச்சு. நானே பூட்டி வெச்சேன், சாவி என் இடுப்புல. கமலக்கண்ணனுக்கே இப்பத்தான் தெரியும். வக்கீல் சாருக்குக்கூட காட்டல. ரகசியம் காக்கறதுல என்ன மிஞ்ச ஆளில்ல!”

“நல்லது,” என்றாள் பாக்கியலட்சுமி. “உங்க பையில இருக்கற முசியேக்கு மீசை தொங்குது. வாசல் போர்டுலயும் தொங்குது. ஊருக்குத் தெரிஞ்சவரு அவருதான். காப்பி அடிக்கறவன் அவரத்தான அடிப்பான்? அன்னக்கிளி வண்டியில இருக்கறவருக்கு முறுக்கு மீசை, பதக்கம். இன்னும் வெளியவே வராத மொகம் அங்க எப்படி போச்சு?”



“வரைஞ்சவன் வித்திருக்கலாமே?” என்றார் வக்கீல்.

“விக்கறவன் காசு பாப்பான் சார். இவங்களுக்கு போர்டு சும்மா வந்திருக்கு. மாவு இவங்களுது, எண்ணெ இவங்களுது. போர்டால யாருக்கும் பத்து பைசா வரல. லாபம் ஒருத்தருக்குத்தான். ஜெயிக்கறதுக்கு ஒரு போலி வேணும், ஆனா ஊருல ஒருத்தனும் போலி செய்ய மாட்டேங்கறான்னு தவிச்சுகிட்டிருந்தவருக்கு.”

ராஜவேலுக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை. “அண்ணி, பழைய மீசையே போட்டிருந்தா மாட்டியிருக்க மாட்டாரே?”

“போலியிலகூட மீசை தொங்கிகிட்டு நிக்க அவருக்கு மனசு வரல தம்பி.”

செம்மல் நாற்காலியில் இன்னும் உள்ளே போனார். பேரொளி அணைந்த குரலில் பேசினார். “எதுத்தாப்ல இருக்கற பரோட்டா கடைக்கு அரியாங்குப்பத்துல ஒரு போலி, வில்லியனூர்ல ஒரு போலி. நானும் எத்தன வருஷமா கட நடத்தறேன். ஒருத்தனாச்சும் என் பேர தொட்டானா மேடம்?”

“அதுக்கு எஞ் சட்டிய தூக்குவியா?” என்று எழுந்தாள் அன்னக்கிளி. “உனுக்குப் பட்டம் வேணும்னா எம் புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?”

அவர் தலை நிமிரவில்லை. வக்கீல் பையை மூடினார். ஷட்டருக்குக் கீழே குனிந்து போகும்போது, “கேஸை இன்னைக்கே வாபஸ் வாங்கிடறேன்,” என்று யாருக்கென்றில்லாமல் சொன்னார்.

*

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. அன்னக்கிளி முசியேயை இறக்கித் திருப்பி அனுப்பிவிட்டு, வண்டியில் தன் பெயரையே எழுதிக்கொண்டாள்.

சில வாரங்கள் போயிருக்கும். ஒரு மதியம் செம்மல் ராஜவேலுக்குப் போன் செய்தார். குரலில் அழுகைக்குப் பக்கத்தில் ஏதோ இருந்தது.

“தம்பி, உங்க நெல்லித்தோப்புல ‘அன்னக்கிளி பக்கோடா’ன்னு ஒரு வண்டி நிக்குது. யாரோ ஒருத்தன். அந்தம்மாவுக்கு மட்டும் எப்படிப்பா தானா ஒரு போலி வந்துச்சு?”

ராஜவேல் ஓடிப்போய்ப் பார்த்தான். வண்டி நின்றது உண்மைதான். அண்ணியை எழுப்பாமல், பஸ் பிடித்து நோணாங்குப்பம் போய் மூச்சிரைக்கச் சொன்னான்.

“அக்கா, உங்க பேர திருடிட்டான்! கேஸ் போட்டுரலாமா?”

அன்னக்கிளி கரண்டியை நிறுத்தினாள். தண்ணீரைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்து, உடனே கவலையாக மாறியது.

“வெங்காயத்த மெலிசா அரியறானா, இல்ல தடிதடியா வெட்டிப் போடறானா?”

“பாக்கலியேக்கா.”

“போயி பாத்துட்டு வந்து சொல்லுப்பா. எம் பேரு கெட்டுடப் போவுது.”