பச்சை டேப் சுற்றிய பூட்டு

ஆட்கள் எல்லாரும் இறங்கிப் போன பிறகும் கைப்பிடியில் ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

புது அதிவேக ரயில் பாதைக்கு மேலே போகும் மின்கம்பிக்கு கரண்ட் கொடுப்பதும் நிறுத்துவதும் அந்தக் கைப்பிடிதான். அது இருக்கும் சுவிட்ச் அறை அவள் பொறுப்பு. கம்பியில் ஏறுகிற ஒவ்வொருவரும் கரண்டை நிறுத்திய கைப்பிடியில் தன் சிவப்புப் பூட்டை மாட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போகவேண்டும். கடைசிப் பூட்டு கழன்றால்தான் கைப்பிடி அசையும். அவரவர் பூட்டை அவரவர்தான் கழற்றவேண்டும். இன்னொருவன் பூட்டு தொங்குகிறதே என்று தன்னுடையதை மாட்டாமல் ஏறக்கூடாது. எமனே வந்தாலும் பூட்டைக் கழற்றிவிட்டுத்தான் ஆளைக் கூட்டிக்கொண்டு போகணும் என்பார் மேஸ்திரி. சொன்ன வேகத்தில் அவள் இருப்பது நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொள்வார்.

அவளுக்கும் ஒரு பூட்டு கொடுத்திருந்தார்கள். ஏறாதவளுக்கு எதற்கு? சட்டைப் பையில் சும்மா கனத்துக்கொண்டு கிடந்தது.

மேஸ்திரிக்கு போன் போட்டாள். வேன் பாதி வழி போய்விட்டதாம். தலையை எண்ணியாயிற்று, பூட்டை எண்ணியாயிற்று, எல்லாம் சரி, நன்றாகப் பாரும்மா என்றார். இன்சினியருக்குப் போட்டாள். அவர் காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவர் மாதிரி பறந்தார். முதல் சோதனை ஓட்டம், பெரிய மனிதர்கள் ரயிலில் ஏறி உட்கார்ந்தாயிற்று, கரண்ட் வரவில்லை.

"எவனோ மறந்துட்டுப் போயிருப்பான். கட்டர் இருக்குல்ல? வெட்டிடுங்க."

"மேல யாராவது இருந்தா சார்?"

"யாரும் இல்லம்மா. நீங்க வெட்டலைன்னா நானே வந்து வெட்டறேன்."

கட்டரை எடுத்துக்கொண்டு பூட்டின் அருகே குனிந்தவளுக்குக் கை ஓடவில்லை. பூட்டின் வயிற்றில் பச்சை டேப் சுற்றியிருந்தது. எல்லாப் பூட்டும் ஒரே மாதிரி இருக்கு, எனக்கு அடையாளம் வேணும் என்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவள் வீட்டுக்காரர் சுற்றிய டேப். ஓரத்தைப் பல்லால் கடித்த தடம் கூட இருந்தது. அந்தப் பூட்டு இரண்டு துண்டாக அவள் வீட்டில் பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்கிறது. சென்ற வருடம் இதே மாதிரி ஒரு அவசரத்தில் யாரோ வெட்டினார்கள். அவர் மேலே இருந்தார். இந்த வேலையே அதற்கு ஈடாக அவளுக்குக் கொடுத்ததுதான்.

அவர் சாவி அவள் கழுத்தில் கிடந்தது. எடுத்து நுழைத்தாள். வழுக்கிக்கொண்டு திரும்பியது.

பதறிப்போய் மறுபடி பூட்டினாள். பூட்டு வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் ஒரு கை அதை விட்ட மாதிரி.

வெளியே வெயில் இறங்கிவிட்டது. புதுச் சிமெண்டின் ஈர வாசனை. கண்ணுக்கு எட்டின தூரம் வரை இரண்டு பக்கமும் ஒலித்தடுப்புச் சுவர், நடுவே தண்டவாளம், மேலே ஆள் இல்லாத கம்பி. ஒரு வருடமாக அவள் பேச்சுத் துணைக்கு இருந்தது இதுதான். வீட்டில் போய்ப் பேசவும் யாருமில்லை. அந்தத் தனிமை அவளுக்குப் பழகவே இல்லை.

டொக்.

இரும்பில் ஸ்பேனர் தட்டும் சத்தம்.

டொக்.

அவள் மூன்றாவதற்குக் காத்திருந்தாள். வேலை முடித்து இறங்குகிறவன் கம்பத்தில் மூன்று தட்டு தட்டுவான், கீழே இருப்பவர் ஒதுங்கிக்கொள்ள. அன்றைக்கு இரண்டு தட்டுதான் கேட்டது என்று மேஸ்திரி அழுதுகொண்டே சொல்லியிருந்தார்.

மூன்றாவது வரவில்லை. இன்னும் இறங்கவில்லை என்று நினைத்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் இறங்காமல் இருக்கிறார் என்றால், இருக்கிறார் என்றுதானே அர்த்தம். கட்டரைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள். போன் மேசையிலேயே கிடந்தது.

நாலாவது கம்பத்தின் அடியில் ஒரு செருப்பு. வலது கால். இடது கால் செருப்பை மட்டும்தான் அன்றைக்கு ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். சூடு.

"என்னங்க?"

மேலே பெல்ட் கொக்கி இரும்பில் உரசியது. மூச்சு வாங்கும் சத்தம், களைத்தவர் மூச்சு.

ஏணிப்படியில் கால் வைத்தாள். அவர் பூட்டு தொங்குகிறது, கரண்ட் வராது. ஏறினாள். காற்று அடங்கியது. எரிந்த ரப்பர் வாசனை. இன்னும் ஒரு படி. இன்னும் ஒன்று.

கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. கையுறை போட்ட கை. விரல்கள் விரிந்து, பிடித்து இறக்கிவிடு என்பது போல. அதற்குப் பின்னால் அந்தி வானம் மட்டும்.

கீழே தூரத்தில் ஜீப் வந்து நின்றது. கதவு அடித்தது.

"ஏம்மா, எங்க இருக்கீங்க?"

இன்சினியர். அவள் வாய் திறக்கவில்லை. பேசினால் மூன்றாவது தட்டு கேட்காமல் போய்விடும். கம்பியை ஒட்டிக் கையை நீட்டினாள்.

பிடித்தது. அவர் பிடியேதான். கட்டை விரலால் உள்ளங்கையை ஒருமுறை அழுத்தும் அதே பிடி. அவளுக்குக் கண் நிறைந்தது.

பையில் ஏதோ இடுப்பில் இடித்தது.

அவள் பூட்டு.

மாட்டவில்லை.

கையை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். பிடி இறுகியது. கத்தினாள். தொண்டையில் காற்றுதான் வந்தது.

சுவிட்ச் அறைக்குள் கட்டர் இரும்பைக் கடித்தது.

டொக்.

தலைக்கு மேலே கம்பி மெல்ல முனக ஆரம்பித்தது.