மிச்ச நடை

டைட்டஸ் நின்ற பிறகும் நடைச் சத்தம் இரண்டு அடி கூடுதலாக வந்து, அப்புறம்தான் நின்றது.

சர்க்கரை ஏறிவிட்டது, மேட்டில் ஏறி நடங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். காரைக்காலில் மேட்டுக்கு எங்கே போவது? கீழவாஞ்சூர்த் துறைமுகத்தில் குவிந்திருக்கும் நிலக்கரியை விட்டால், வரிச்சிக்குடி வாய்க்கால் கரைதான் அவனுக்கு வாய்த்த இமயம். மதகடியில் ஏறி, வயலைச் சுற்றிக்கொண்டு அதே மதகடியில் இறங்கினால் மூன்று கிலோமீட்டர். மே மாதம், வாய்க்காலில் தண்ணீர் இல்லை, வயலில் ஆள் இல்லை, ஐந்து மணி வெயிலில் வெடித்த சேறு மணக்க, காய்ந்த கோரை ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்க, ஐம்பத்திரண்டு வயதுத் தொப்பை ஒன்று மூச்சிரைத்துப் போவதைப் பார்க்க ஒரு கொக்குகூட இல்லை.

ஷூவுக்குள் கல் புகுந்திருக்கும் என்று கழற்றி உதறினான். கல் இல்லை.

சுற்று முடிகிற இடத்தில் அலாவுதீன் நுங்கு சீவிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, ஓட்டப்பந்தயமா? பின்னால அக்கா நடக்க முடியாம வர்றாங்க, ஒரு கை புடிக்கக் கூடாதா?"

"எந்த அக்காடா?"

"ஒங்க கூடத்தானே வந்தாங்க!"

டைட்டஸ் சிரித்துவைத்தான். பயந்து வீட்டுக்கு ஓடினால் நாளைக்கு ஊரே கேலி பேசும் என்று மறுபடி கரையேறினான்.

சிரிப்பு அவனுக்குச் சுலபம். போன வருஷமும் அப்படித்தான் சமாளித்தான். கூடப் பிறந்த ஜூலியட் அக்கா, சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் கிடந்தவள், தன் பேரில் வேளாங்கண்ணிக்கு நடக்கச் சொன்னாள். "மாதாகிட்ட என் காலாப் போயிட்டு வாடா" என்று அவன் பாதங்களில் விளக்கெண்ணெய் தடவி அனுப்பினாள். நாகூர் வரை நடந்தான். கொப்புளம். பஸ் வந்தது. ஏறிவிட்டான். வேளாங்கண்ணியில் இறங்கிக் காலில் புழுதியை அள்ளிப் பூசி, படமெடுத்து அனுப்பினான். அக்கா அந்தப் படத்துக்கு முத்தம் கொடுத்தாளாம். நவம்பரில் அடக்கம். குழிக்குள் மண் போடும்போதுகூட அவன் சொல்லவில்லை.

பாதி தூரத்தில் விளக்கெண்ணெய் வாடை வந்தது.

வேகம் கூட்டினான். பின்னால் சத்தமும் கூடியது. இழுத்து. ஊன்றி. இழுத்து.

"அக்கா." திரும்பாமல்தான் சொன்னான். "நாகூர்ல பஸ் ஏறிட்டேன்க்கா. மன்னிச்சிரு."

கோரைச் சத்தம் நின்றது.

"தெரியும் தம்பி. மிச்சத்த நான் நடந்துக்கிட்டிருக்கேன்." மூச்சு வாங்கும் குரல். துளிக் கோபம் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. "உன் கால்லதானே நடக்கறதா நேந்துக்கிட்டேன். நீ போற வழிதான் எனக்கு வழி. இப்படிச் சுத்திச் சுத்தி வந்தா நான் எப்படா போய்ச் சேர்றது?"

திரும்பினான்.

முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. பார்வை தரையிலேயே கிடந்தது. அடக்கத்தன்று உடுத்திய சந்தன நிறப் புடவை. அதற்குக் கீழே பாதம் இல்லை. நடந்து நடந்து கணுக்கால் வரை தேய்ந்த இரண்டு எலும்பு முனைகள், வெள்ளையாய், புழுதியில் ஊன்றி, அவன் எடுத்துவைக்கப் போகும் அடுத்த அடிக்காகக் காத்து நின்றன.