கொய்யாமரம் ஸ்டாப்

கொய்யாமரம் ஸ்டாப்பில் கொய்யாமரம் கிடையாது. ஈவ்லின் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அடித்த பேய்க்காற்றில் அது சாய்ந்துவிட்டது. இப்போது அடிமரம்கூட மிச்சமில்லை. ஆனாலும் மஞ்சூர் பக்கத்து அந்த மலைப்பாதையில் பள்ளிப் பேருந்து நிற்கிற இடத்துக்குப் பெயர் கொய்யாமரம்தான். மரம் போனால் பெயரும் போகவேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

பள்ளிக்கூடம் மலையின் கீழே இருந்தது. தேயிலை ஃபேக்டரி மலையின் உச்சியில் இருந்தது. பேருந்து தினமும் காலையில் பள்ளியிலிருந்து கிளம்பி, வழியெல்லாம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஃபேக்டரி வரை போகும். அந்த ஃபேக்டரி முற்றத்தை விட்டால் அவ்வளவு பெரிய வண்டி திரும்புவதற்கு வேறு இடமில்லை. அங்கே திரும்பி, எங்கும் நிற்காமல் கீழே வந்து சேரும்.

ஈவ்லின் இரண்டாவது ஸ்டாப்பில், மாதா சிலை இருக்கும் மாதா கெபியில் ஏறுவாள். அதனால் மலை முழுக்க ஒருமுறை ஏறி, முழுக்க ஒருமுறை இறங்குகிற பாக்கியம் அவளுக்கு உண்டு. ஓட்டுநர் லிங்கசாமிக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலோர இருக்கை அவளுடையது. ஆறு வருஷமாக வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை.

அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்தது ஸ்ரீமதி அக்கா. முதல் நாள் ஈவ்லின் படியில் ஏற மாட்டேன் என்று அழுதாள். அப்போது பத்தாம் வகுப்பில் இருந்த ஸ்ரீமதி அக்கா உள்ளேயிருந்து கையை நீட்டித் தூக்கி, தன் இருக்கையிலேயே அவளை உட்கார வைத்தாள்.

"இங்க உக்காந்தா எல்லாம் தெரியும் கண்ணு. அழுதா ஒண்ணுமே தெரியாது" என்றாள்.

எல்லாம் தெரியத்தான் செய்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்கும் காட்டெருமை தெரிந்தது. சிவப்பாக இருந்த தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக் கூரைகள் ஒவ்வொன்றாக நீலமானதும் தெரிந்தது. ஸ்ரீமதி அக்கா எப்போதோ படிப்பு முடித்துக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஆனால் அந்த இருக்கையில் உட்கார்ந்தால், அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த வறுத்த பட்டாணியின் வாசம் இன்னும் அடிப்பதாக ஈவ்லினுக்குத் தோன்றும்.

ஒரு வியாழக்கிழமை மாலை, பேருந்தில் எல்லார் கையிலும் ஒரு தாள் கொடுத்தார்கள். கணக்கு வாத்தியார் ஜஸ்டஸ் சார் கையெழுத்துப் போட்டிருந்தார். போன மாதம்தான் பேருந்துப் பொறுப்பு அவரிடம் வந்திருந்தது.

'பேருந்து தினமும் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வருகிறது. ஆகவே திங்கள் முதல் பதினொரு ஸ்டாப்புகள் எட்டாகக் குறைக்கப்படுகின்றன' என்று அதில் இருந்தது. நீக்கப்பட்ட மூன்றில் ஒன்று கொய்யாமரம்.

ஒன்றாம் வகுப்பு டெனின் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டான். "அக்கா, என் ஸ்டாப்பு இதுல எங்க இருக்கு?"

ஈவ்லின் தாளை நிமிர்த்தி அவன் கையில் கொடுத்தாள். கொய்யாமரத்தில் ஏறுகிறவன் அவன் ஒருவன்தான். "வீட்டுல அம்மாகிட்ட குடு" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை டெனினின் அம்மா அவனை ஏற்றிவிடும்போது கண் கலங்கி நின்றாள். அவள் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். எட்டு மணிக்கு வேலையில் நிற்க வேண்டும்.

"ஃபேக்டரி கேட்டுல வந்து ஏறச் சொல்றாங்க கண்ணு. தினமும் இவனை அவ்வளவு தூரம் மேல ஏத்திட்டு நான் எப்ப வேலைக்குப் போவேன்? மேட்டுப்பாளையத்துல எங்க அக்கா ஊட்டுல கொண்டு விட்டுரலாம்னு இருக்கேன். அங்கயே படிக்கட்டும்" என்றாள்.

டெனின் அன்று வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. வாயை மூடச் சொல்லித்தான் அவனிடம் எல்லோரும் கெஞ்சுவது வழக்கம். ஈவ்லினுக்கு மனசு கேட்கவில்லை.

மதிய இடைவேளையில் அவள் ஆசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், கொய்யாமரம் ஸ்டாப்பை எடுக்காதீங்க சார்."

ஜஸ்டஸ் சார் நல்லவர்தான். கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்து இன்னும் ஒரு மழைக்காலம்கூடப் பார்க்காதவர். அவர் தன் ஃபோனில் வரைபடத்தைத் திறந்து காட்டினார்.

"இதோ பாரும்மா. கொய்யாமரம் இங்க. ஃபேக்டரி கேட் இங்க. நடுவுல வெறும் நூத்தி எண்பது மீட்டர்! இதுக்கு எதுக்கு ரெண்டு ஸ்டாப்பு?"

"சார், அந்த நூத்தி எண்பது மீட்டர் மேல இருக்குங்க சார்."

"மேலேன்னா?"

ஈவ்லின் கழுத்தை நிமிர்த்திக் கூரையைப் பார்த்துக் காட்டினாள். "இப்படிங்க சார். நீங்க ஒரு நாள் வந்து பாருங்க."

சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, இன்னைக்கே வர்றேன். உங்க அம்மாகிட்ட நான் ஃபோன்ல சொல்லிடறேன். நீயும் கூட வந்து காட்டு" என்றார்.

மாலையில் சார், ஈவ்லின், டெனின் மூவரும் கொய்யாமரத்தில் இறங்கினார்கள். பேருந்து அவர்களை விட்டுவிட்டு, மூன்று கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனது. இவர்கள் தேயிலைக்கு நடுவே வெட்டியிருந்த மண்படிகளில் நேராக மேலே ஏறினார்கள்.

டெனின் படிகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டு முன்னால் போனான். நூறு வந்ததும் நின்றான்.

"ஏன்டா நின்னுட்ட?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் சார்.

"அதுக்கு மேல எங்களுக்கு இன்னும் சொல்லித் தரலீங்க சார்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.

இப்படி இரண்டு நூறும் ஒரு பன்னிரண்டும் ஆனபோது ஃபேக்டரி கேட் வந்தது. ஜஸ்டஸ் சார் அங்கே கிடந்த கல்லில் பொத்தென்று உட்கார்ந்தார். அவருடைய காலணிகளில் ஒட்டியிருந்த சேற்றில் ஒரு செடி நடலாம்.

"இது நூத்தி எண்பது மீட்டர் இல்லை" என்றார். "இது நூத்தி எண்பது மீட்டர் சுவர்!"

பேருந்தின் அருகே நின்ற லிங்கசாமி அவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

தண்ணீரைக் குடித்து முடித்த சாரின் முகம் மறுபடி வாடியது. "ஸ்டாப்பை எடுக்கக் கூடாதுதான். ஆனா பன்னிரண்டு நிமிஷம் லேட்டுக்கு நான் என்ன பண்றது? பிரேயர் முடிஞ்சுதான் பஸ்ஸே வருது. ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைத்தான் கேக்கறாங்க. அந்த நேரம் எங்கதான் போகுது லிங்கசாமி?"

"வழியில எங்கயும் நிக்கறதில்லீங்க. இங்க திரும்பறப்ப மட்டும் கொஞ்ச நேரம் ஆகும். நான் ஒரு டீ குடிப்பேன், அவ்வளவுதானுங்க."

கொஞ்ச நேரமா? ஈவ்லினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய பைக்குள்ளேயே அதற்குச் சாட்சி இருந்தது. அதை எடுத்து நீட்டினால் சாரிடம் வசமாக மாட்டிக்கொள்வாள். அதுதான் சிக்கல்.

டெனின் சேற்றில் விரலால் பேருந்து படம் வரைந்துகொண்டிருந்தான். ஈவ்லின் அவனைப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து கணக்கு நோட்டை எடுத்தாள்.

"சார், நேத்து வீட்டுப்பாடத்தைப் பாருங்க."

முதல் இரண்டு கணக்குகளின் எண்கள் கோணல்மாணலாகக் குதித்தன. மூன்றிலிருந்து ஏழு வரை முத்து முத்தாக இருந்தன. எட்டாவது மறுபடியும் ஆட்டம் போட்டது.

"என்ன இது?" என்றார் சார்.

"முதல் ரெண்டும் வண்டி ஏறறப்ப போட்டதுங்க சார். கடைசி, இறங்கறப்ப. நடுவுல அஞ்சும் இங்க நிக்கறப்ப போட்டது." ஈவ்லின் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். "தினமும் அப்படித்தாங்க சார்."

ஜஸ்டஸ் சார் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். ஆனால் அவர் கணக்கு வாத்தியார் ஆயிற்றே! கோபப்படுவதற்கு முன்னால் கணக்குப் போட்டுவிட்டார். "ஒரு கணக்குக்கு மூணு நிமிஷம். அஞ்சு மூணு பதினஞ்சு. பதினஞ்சு நிமிஷமா இங்க நிக்குது?"

"எட்டு மணிக்குக் கொழுந்து லாரி எல்லாம் வரிசையா வருதுங்க சார். இந்த வருஷம் சின்னத் தோட்டக்காரங்க வண்டியும் சேர்ந்துக்குச்சு. எல்லாம் எடை போட்டு நகர்ந்தாத்தான் நம்ம வண்டி திரும்பும். லாரி வர்றதுக்கு முன்னாடியே நாம வந்துட்டா..."

அவள் சட்டென்று நிறுத்தினாள். அடுத்து சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. எங்கும் நிற்காமல் முதலில் மேலே வந்து திரும்பிவிட வேண்டும், இறங்கும்போது ஒவ்வொரு ஸ்டாப்பாக ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் அப்படிச் செய்தால் மாதா கெபி கடைசிக்கு முந்தின ஸ்டாப் ஆகிவிடும். மலையெல்லாம் சுற்றுகிற பயணம் போய்விடும். ஐந்தே நிமிடத்தில் பள்ளி வந்துவிடும். அந்த ஜன்னலோர இருக்கையில் அதற்குள் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

திறந்திருந்த கதவு வழியாக அவள் தன் இருக்கையைப் பார்த்தாள். அழுகை வரும்போல இருந்தது.

"வந்துட்டா?" என்று கேட்டார் சார்.

"முதல்ல சும்மா மேல வந்து திரும்பிட்டு, எறங்கறப்ப எல்லாரையும் ஏத்தலாங்க சார்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "ஒரு ஸ்டாப்பும் எடுக்க வேண்டாம்."

சார் லிங்கசாமியைப் பார்த்தார். "இத்தனை வருஷமா ஏன் ஏத்தத்துலயே ஏத்தறீங்க?"

லிங்கசாமி தலையைச் சொறிந்தார். "பழைய வண்டிக்கு எறக்கத்துல அடிக்கடி பிரேக் போட்டா சூடாயிருமுங்க. அதான் ஏத்தத்துல ஏத்திக்கிட்டோம். அந்த வண்டியை வித்து ஒம்பது வருஷமாச்சு. புதுசுக்கு அந்தத் தொந்தரவே இல்லீங்க. எனக்குத் தோணவே இல்லை பாருங்க!"

சார் சிரித்தார். லிங்கசாமியும் சிரித்தார். எதற்கென்று தெரியாவிட்டாலும் டெனினும் சேர்ந்து சிரித்தான்.

"ஈவ்லின்" என்றார் சார், நோட்டைத் திருப்பிக் கொடுத்தபடி. "திங்கட்கிழமை வீட்டுப்பாடத்துல ஒரு எண் ஆடியிருந்தாலும் விட மாட்டேன்."

திங்கட்கிழமை நல்ல மூடுபனி. மாதா கெபியில் நின்ற ஈவ்லினைத் தாண்டிப் பேருந்து பிள்ளைகள் யாரும் இல்லாமல் மேலே போனது. 'வந்துகிட்டே இருக்கேன்' என்பதற்கு அடையாளமாக லிங்கசாமி இரண்டு முறை ஹாரன் அடித்தார். தன் இருக்கையை அவள் வெளியிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. அது இவ்வளவு சின்னதா என்றிருந்தது.

"இனிமே அரை மணி நேரம் கூடத் தூங்கலாம், கொடுத்து வெச்சவ!" என்று அம்மா காலையில் சொல்லியிருந்தாள். ஈவ்லினுக்குத் தூக்கமா வேண்டியிருந்தது?

அரை மணி நேரத்துக்குப் பிறகு பேருந்து பனிக்குள்ளிருந்து இறங்கி வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு குட்டிக் கை நீண்டது.

"அக்கா, புடி! நான் தூக்கறேன்!"

ஈவ்லின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். காலை ஊன்றித் தானாகவே ஏறினாலும், "அப்பா! என்ன பலம்டா உனக்கு!" என்றாள். டெனினுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

முன்வரிசையில் ஜஸ்டஸ் சார் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். "எட்டு பதினெட்டுதான் ஆகுது! பிரேயருக்கு முன்னாடியே போயிடலாம்!" என்று குதூகலமாகச் சொல்லிவிட்டு, உடனே முகத்தைக் கடுமையாக்கி நோட்டுக்குக் கையை நீட்டினார். ஒரு எண்கூட ஆடவில்லை. நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

ஜன்னலோர இருக்கையில் டெனின் உட்கார்ந்தான். கால் தரைக்கு எட்டாமல் ஆடியது. ஏதோ நினைவு வந்தவன்போல எழுந்து, "இது உன் எடம்தானேக்கா?" என்றான்.

"நீயே உக்காரு" என்று அவனை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு, ஈவ்லின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பைக்குள் கைவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த வறுத்த பட்டாணியில் ஒரு பிடி எடுத்து அவன் கையில் வைத்தாள்.

டெனின் பட்டாணியை மென்றபடி மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டான். பனி விலகி, தேயிலைச் சரிவு முழுவதும் வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது.

"அக்கா! இங்க உக்காந்தா எல்லாமே தெரியுது!"

"தெரியும்டா" என்றாள் ஈவ்லின். "நல்லா பாத்துக்க."