வாட்டர்மார்க் இல்லாத முகம்

நர்ஸ் மூன்றாவது மாடிப் படிக்கட்டில் குப்புறக் கிடந்தாள்.

முதுகில் ஸ்க்ரூ டிரைவர்... பிடி வரை இறங்கியிருந்தது.

குத்தியவன் ஓடவில்லை. இரண்டு படி தள்ளி உட்கார்ந்து, செல்போனில் அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக்.

எட்டு மாதமாகத் தன்னோடு சாட்டில் உருகியவள் என்றான் இன்ஸ்பெக்டரிடம். வாட்ச், ஹெட்போன் என்று கேட்டதையெல்லாம் கூரியரில் அனுப்பினானாம். கல்யாணத் தேதி கேட்டதும் பேச்சு நின்றுவிட்டதாம். கூரியர் முகவரியைப் பிடித்துக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டான்.

"என்னைப் பார்த்து 'நீங்க யாரு'ன்னு கேட்டா சார்... அதான்."

நிஜமாகவே அவளுக்கு அவன் யாரென்று தெரியாது!

இன்ஸ்பெக்டர் மாடியேறினார். அங்கே நர்ஸின் அக்கா இருந்தாள். அவள் போட்டோகிராபர். வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. தங்கையும் அவர்களோடுதான் இருந்தாள். அக்காவின் கணவர் சுவரில் சாய்ந்து விசும்பிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்கின் போனிலிருந்த படத்தை இன்ஸ்பெக்டர் காட்டினார்.

தான் எடுத்த படம்தான் என்றாள் அவள். ஸ்டூடியோவின் வெப்சைட்டில் போட்டிருந்தாள். யாரும் திருடக்கூடாதென்று சின்ன சைஸில்தான் போட்டாள். டவுன்லோட் ஆகாமல் பூட்டினாள். முகத்துக்குக் குறுக்கே ஸ்டூடியோ பெயரை வாட்டர்மார்க்காகப் பதித்தாள்.

"அதுக்கு மேல என்ன சார் பண்றது?"

"இதுல வாட்டர்மார்க்கே இல்லையேம்மா?"

கணவர்தான் பதில் சொன்னார். இப்போதெல்லாம் அதை அழிக்க ஆயிரம் ஆப் இருக்கிறதாம். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார்.

அவள் ஆட்டவில்லை. படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

இடது ஓரத்தில் வெளிச்சத்துக்காகப் பிடித்த வெள்ளி அட்டை. அதைப் பற்றியிருந்த நான்கு விரல்கள். ஒன்றில் பச்சைக்கல் மோதிரம்...

வெப்சைட்டில் போடும் முன் அந்த ஓரத்தை அவள் வெட்டியிருந்தாள். முழுப் படம் இருப்பது அவள் கம்ப்யூட்டரில் மட்டும். அதன் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவளும் கணவரும்.

பேசாமல் இருந்துவிடலாம். பேசினால், தங்கையோடு புருஷனும் போய்விடுவான்.

"சார்... இந்த ஓரம் வெப்சைட்ல இல்ல, என் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. அவர் கையைப் பாருங்க."

கணவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பச்சைக்கல் அதற்குள் பளிச்சிட்டுவிட்டது.

பீரோவின் மேல்தட்டில் அந்த வாட்ச் இருந்தது. பெட்டி கூடப் பிரிக்கவில்லை. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாராம். பொருள் வர வர, விட மனசில்லையாம்.

"ஒரு படத்தைத்தானே எடுத்தேன். கொலையா பண்ணேன்?"

கீழே தங்கையை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார்கள்.

கணவரை வீட்டு வாசலுக்கு அழைத்து வந்தபோது கீழே தெருவில் பத்திரிகை கேமராக்கள் தெரிந்தன. அவர் பின்வாங்கினார்.

"சார், ஒரு துண்டு குடுங்க... முகத்தை மூடிக்கறேன். என் படத்தைப் போட்டுடுவாங்க."

போட்டோகிராபர் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கீழ சொல்லிடுங்க சார். இவரைக் கேட்காம இவர் படத்தைப் போடக்கூடாதாம்."