பாட்டை நிறுத்தியவள்

அவள் ஒலிபெருக்கியை அணைத்ததும் வீடே ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது.

"அம்மா! என்ன பண்றே நீ? சனிக்கிழமை போட்டி!" என்று கத்திய மகளின் குரல் பாதியிலேயே கரகரத்து உடைந்தது.

"இன்னிக்கு இது போதும் பாப்பா. டாக்டர்கிட்ட ஒரு நடை போயிட்டு வந்துட்டு அப்புறம் பாடு."

"சளிம்மா... வெறும் சளி!"

"மூக்கே ஒழுகாம ரெண்டு வாரமா என்ன சளி அது?"

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த மாமியார் தட்டை நகர்த்தி வைத்தார். "ஆரம்பிச்சாச்சா? என் பிள்ளையோட பாட்டை முழுங்கினது பத்தலை உனக்கு... இப்ப பேத்தியோடதும் வேணுமா?"

"அத்தை, அவ தொண்டை..."

"உனக்குத்தான் யார் தொண்டையும் பிடிக்காதே!"

மாமியாருக்கு எதிரே அவள் கணவன் பிற்பகல் படப்பிடிப்புக்கான வசனத் தாளை வைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். வரிகளின் மேல் ஊர்ந்துகொண்டிருந்த அவன் விரல் சட்டென்று நின்றது. அவள் அந்த விரலையே பார்த்தாள். இப்போதாவது சொல்வானா... இப்போதாவது...

விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது.

"பாட்டி சொல்றது சரிதான்" என்றாள் மகள். பதினாறு வயதுக் கோபம் கண்ணில் நீராக நின்றது. "நீ கோரஸ்ல நின்னவ. அப்பா முன்னாடி நின்னு பாடினது உனக்குப் பொறுக்கலை. இப்ப நான் பாடறதும் பொறுக்கலை!"

எத்தனையோ பேர் சொல்லிக் கேட்ட வார்த்தைதான். ஆனால் பெற்ற பெண்ணின் வாயிலிருந்து வந்தபோது அது வேறு எங்கோ போய்த் தைத்தது.

ஒரு காலத்தில் அவள் கணவனை எல்லோரும் 'புயல்' என்றுதான் சொல்வார்கள். மேடையில் ஒரு நிமிடம் நிற்க மாட்டான். ஓடுவான், குதிப்பான், முழங்காலில் சறுக்கிக்கொண்டே உச்ச வரியைப் பிடிப்பான். பேருந்தில் அவன் பாட்டு, முடிதிருத்தும் கடையில் அவன் பாட்டு, கல்லூரிப் பிள்ளைகள் தலையில் அவன் முடிவெட்டு. அவன் குழுவில் பின்வரிசையில் பாடிக்கொண்டிருந்தவள்தான் அவள். கல்யாணத்துக்குப் பிறகும் அதே பின்வரிசையில்தான் நின்றாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

பதினொரு வருடங்களுக்கு முன், விளையாட்டு அரங்கம் ஒன்றில் பெரிய நிகழ்ச்சி. உச்ச வரி வந்தபோது புயலின் வாய் திறந்தது; குரல் வரவில்லை. அவன் கண் மட்டும் திரும்பி அவளைத் தேடியது. அவள் யோசிக்கவில்லை. இரண்டு எட்டு முன்னால் வந்து அந்த வரியைத் தானே பாடி முடித்தாள். கூட்டம் கைதட்டியது. மறுநாள் பத்திரிகைகளோ, கணவன் பாட்டை மனைவி பிடுங்கிக்கொண்டாள் என்று எழுதின.

குரல் நாணில் முடிச்சு. மாமியாரிடம் வெளியூர் நிகழ்ச்சி என்று சொல்லிவிட்டுப் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள். பேச்சு திரும்பும், அந்த உயரம் இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாதம் வாய் திறக்கக் கூடாது. தொண்டைக்கு ஓய்வு என்று மட்டும் வீட்டில் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த மாதத்தில் ஒருநாள் பார்க்க வந்த பட இயக்குநர் ஒருவர், புயல் ஒரு சொல்லும் பேசாமல், குழம்பில் உப்பு அதிகம் என்று மனைவியோடு கண்ணாலும் புருவத்தாலும் சண்டை போடுவதைப் பார்த்துச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "நீங்க நடிக்கிறீங்களா?" என்று கேட்டார். பூட்டுப் பழுது பார்ப்பவன் வேடம். படம் முழுக்க நாற்பது வரி வசனம். அந்த நாற்பது வரியையும் அவன் படித்தது அடுப்படியில்தான். அவள் பூண்டு உரித்துக்கொண்டே எதிர் வசனம் சொல்வாள். அவன் பதில் சொல்வான். "கத்தாதீங்க... இது மேடையில்ல. பக்கத்துல இருக்கிற என்கிட்டதான பேசறீங்க?" என்று திருத்துவாள். படம் ஓடியது. உடைந்துபோன அந்தக் கட்டைக்குரல் ரசிகர்களுக்குப் புதிய பித்தாகிவிட்டது.

முதல் பேட்டியில், பாட்டை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். "வீட்ல விரும்பலை" என்றான்.

வீட்டுக்கு வந்து அவள் மடியில் முகம் புதைத்து அழுதான். "வாய் தவறி வந்துடுச்சு... தொண்டை போச்சுன்னு தெரிஞ்சா யாரு எனக்கு வேஷம் குடுப்பாங்க? அம்மாவும் தாங்க மாட்டா. கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டுமே... நான் சமயம் பாத்துச் சொல்லிடறேன்."

கொஞ்ச நாள் பதினொரு வருடமானது. தான் ஒரு பாட்டை முணுமுணுத்தால்கூட அவன் முகம் வாடுவதைக் கண்டு அவளும் பாடுவதை விட்டாள். அதையும் மாமியார் விடவில்லை. திமிர் என்றார்.

இன்று மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டபின், அவள் நான்கு புடவையை ஒரு பையில் வைத்தாள். வாசலில் கணவன் வந்து நின்றான்.

"எங்க போறே?"

"அக்கா வீட்டுக்கு."

"கோவிச்சுக்கிட்டா?"

"கோபமெல்லாம் எப்பவோ தீர்ந்துபோச்சுங்க. எனக்கு வந்த பேரு எனக்கு இருந்துட்டுப் போகட்டும். ஆனா நான் இங்க இருந்து சொல்ற வரைக்கும் அவ டாக்டர்கிட்ட வர மாட்டா. நீங்க சொன்னா வருவா. உங்க தொண்டையைப் பாத்தாரே, அதே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நாளைக்கே." செருப்பை மாட்டிக்கொண்டாள். "அவளுக்காவது நேரத்துல வாயைத் திறங்க."

அக்காவுக்குத் தையல்கடை. முன்னறையில் இரண்டு மிஷின். சுவரெல்லாம் பள்ளிச் சீருடை. பள்ளி திறக்க ஆறு நாள்தான் இருந்தது. வந்தவளை அக்கா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கூடைச் சட்டையை முன்னால் தள்ளி, "பொத்தான் தை" என்றாள். அதுவே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அவள் நூறு பொத்தான் தைத்தாள். மறுநாள் இன்னும் நூறு.

நான்காம் நாள் காலை பதினொரு மணிக்கு அக்கா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள். "உன் வீட்டுக்காரர்டி!"

புதுப்படத்துக்கான நேரலைப் பேட்டி. தொகுப்பாளினி சிரித்துச் சிரித்துப் பேசினாள். "எல்லாரும் கேக்கற கேள்வி சார்! உங்க பாட்டை நிறுத்தினதே உங்க மனைவிதானாமே?"

அவன் புன்னகைத்தான். பேட்டிகளுக்கென்றே அவன் வைத்திருந்த புன்னகை அது, அவளுக்குத் தெரியும். அவள் ஊசியைக் கீழே வைத்தாள். அந்தப் புன்னகை மெல்லக் கலைந்தது.

"இல்லம்மா" என்றான். "என் தொண்டை கெட்டுப்போச்சு. பதினொரு வருஷத்துக்கு முன்னாடியே. அன்னிக்கு மேடையில எனக்குக் குரல் வரலை. அவ பாடலைன்னா அத்தனை பேர் முன்னாடி நான் வாயைத் திறந்துக்கிட்டு நின்னிருப்பேன். என் மானத்தைக் காப்பாத்தினவ மேல நானே பழியைப் போட்டேன். பயம்... வேற ஒண்ணுமில்ல. அவ ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லலை. எனக்கு நடிக்கச் சொல்லிக் குடுத்ததும் அவதான்... அடுப்படியில வச்சு."

அக்கா மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டாள். "அடிப்பாவி... என்கிட்டகூடச் சொல்லலையேடி!" என்று அவள் முதுகில் ஓர் அறை வைத்துவிட்டு, அதே கையால் கட்டிக்கொண்டு அழுதாள்.

பிற்பகலில் கார் வந்து நின்றது. முதலில் இறங்கி ஓடி வந்தவள் மகள். கழுத்தில் ஒரு சின்ன நோட்டு தொங்கியது. அம்மாவின் முன்னால் வந்து நின்று வாயைத் திறந்தாள். பிறகு நினைவு வந்து மூடிக்கொண்டு அவசரமாக எழுதினாள்.

'முடிச்சு ஆரம்பம்தானாம். ஒரு மாசம் பேசக் கூடாது. விட்டிருந்தா கத்தி வைக்க வேண்டி வந்திருக்குமாம். அம்மா... நான் சொன்னதை...'

அவள் மகளின் கையிலிருந்து பேனாவை வாங்கி வைத்தாள். "போதும் பாப்பா. எழுதறதுக்கும் ஓய்வு குடு." மகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சத்தம் வந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

மாமியார் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"ஏண்டி சொல்லலை?" எடுத்த எடுப்பில் திட்டுப் போலத்தான் வந்தது. "பதினொரு வருஷம்... நான் பேசாத பேச்சா? என் வாய் அழுக! ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'உன் பிள்ளைக்குத்தான் தொண்டை போச்சு'ன்னு என் மூஞ்சியில அடிச்ச மாதிரிச் சொல்லியிருக்கலாமே!"

"சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாருங்க அத்தை..."

"அவன் கேட்டா? அவன் கோழை! நீயாவது..." மாமியார் குனிந்தார். காலைத் தொடப் போகிறார் என்று புரிந்ததும் அவள் பதறிப்போய் இரண்டு தோளையும் பிடித்து நிறுத்தினாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக மாமியாரின் தலை அவள் தோளில் சாய்ந்தது. எவ்வளவு லேசான தலை என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கணவன் வாசலிலேயே நின்றிருந்தான். "பேட்டி பாத்தியா?" என்றான், பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி.

"பாத்தேன்."

"வீட்டுக்குப் போலாமா?"

அவள் சுவரில் தொங்கிய சீருடைகளைப் பார்த்தாள். "அக்காவுக்கு இன்னும் எண்பது சட்டை பாக்கி. பாதியில விட்டுட்டு வர முடியாது. ரெண்டு நாள் ஆகும்."

"கோவம் இன்னும் இருக்கு..."

"இருக்கு" என்றாள் அவள் நிதானமாக. சொன்னதும் நெஞ்சில் ஏதோ இறங்கியது போலிருந்தது. "இருக்கட்டுமே. அதுவும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும்."

அவன் தலையாட்டினான். "வாங்கம்மா, நாம போலாம்" என்று தாயின் கையைப் பிடித்தான்.

மாமியார் கையை உதறிக்கொண்டார். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு உள்ளே போய், பொத்தான் கூடைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நீ போய் உன் பொண்ணுக்குச் சமைச்சுப் போடு. என் மருமக என்னிக்கு வர்றாளோ, அன்னிக்குத்தான் நானும் வருவேன்" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "அந்த ஊசியில நூலைக் கோத்துக் குடு. எனக்குக் கண்ணு தெரியலை" என்றார்.