செம்பி யாருடைய கன்று?

பள்ளிக்கூட மைதானத்தில், சாமியானாவின் கீழே, நடு நாற்காலியில் ஒன்றியத் தலைவர் உட்கார்ந்திருந்தார். அவர் கழுத்தில் முழங்கால்வரை தொங்கும் சாமந்தி மாலை. வலப்பக்கம் மாட்டு டாக்டர் ராமகிருஷ்ணன், மடியில் நீள நோட்டு. இடப்பக்கம் தலைமையாசிரியர். பின்னால் பெஞ்சில் பால் சங்கத்துக்காரர்கள். அவர்களுக்கும் பின்னால் ஜமக்காளத்தில் பள்ளிப் பிள்ளைகள். வேலியோரம் பூக்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். தலைவரின் மாலை அவள் கட்டியதுதான்.

அவள் மகள் சந்திரகலா உட்காரவில்லை. கன்று வளர்க்கும் பிள்ளைகளுக்கான போட்டியில், செம்பியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

கன்றின் தோல், குளம்பு எல்லாவற்றையும் பார்த்து டாக்டர் மதிப்பெண் போடுவார். கடைசியில், எல்லாக் கன்றுகளும் முரண்டு பிடிக்காமல் பிள்ளைகளோடு வரிசையாக ஒரு சுற்று நடந்து வரவேண்டும். முதல் பரிசு எவர்சில்வர் வாளி.

செம்பி லேசில் நடக்கிற கன்று இல்லை. ஆனால் கோயில் வாசலில் விற்காமல் மிஞ்சுகிற சாமந்தி என்றால் அதற்கு உயிர். அதனால் சந்திரகலா ஒரு பூவைக் கைக்குள் மூடிக்கொண்டு முன்னால் நடப்பாள். செம்பி பின்னாலேயே வரும். சுற்று முடிந்ததும் பூ செம்பிக்கு. இப்படியே பழக்கியிருந்தாள்.

அன்றும் அப்படித்தான் நடந்தது, சாமியானா வரைக்கும்.

செம்பி நின்றது. மூக்கைத் தூக்கியது. மூடிய கைக்குள் ஒரே ஒரு பூ. எதிரே ஒரு மாலை நிறையப் பூ.

கயிறு சந்திரகலாவின் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. அடுத்த நொடி தலைவர் மடியில் செம்பியின் தலை இருந்தது. தலைவர் மாலையை மேலே இழுத்தார். செம்பி கீழே இழுத்தது. நார் அறுந்தது. நாற்காலி பின்னால் சாய, பால் சங்கத்துக்காரர்கள் தாங்கிப் பிடித்தார்கள். மைதானமே சிரித்தது.

"தலைவருக்குப் போட்டீங்க, எனக்குப் போடலியான்னு கேக்குதுடா," என்றான் வரிசையில் நின்ற சகாதேவன்.

சந்திரகலாவின் காது மடல் சுட்டது. மெல்ல நழுவி மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

டாக்டர் எழுந்து வந்தார். நோட்டில் குனிந்திருந்ததால், கயிறு யார் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது என்று அவர் பார்த்திருக்கவில்லை. யாருடைய கன்று என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அவள்முன் வந்தபோது எல்லோரும் அவளையே பார்ப்பதுபோல் இருந்தது.

"உன்னுதா பாப்பா?"

"இல்ல சார்."

வேலியோரம் தங்கம்மாள் தலை குனிந்துகொண்டாள்.

டாக்டர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். உதவியாளர் சுப்பன் கயிற்றைப் பிடித்தான். "கேக்க ஆளில்லன்னா பவுண்டுல கட்டிடறேன் சார்," என்றான். தெருவில் திரியும் மாடுகளை அடைத்து வைக்கும் இடம் அது.

போகிற வழியில் செம்பி அவள் பக்கம் திரும்பியது. ஈர மூக்கால் அவள் கையை முட்டியது. சுற்று வந்தாயிற்றே, பூ எங்கே?

சந்திரகலா கையைத் திறக்கவில்லை. சுப்பன் கன்றை இழுத்துக்கொண்டு போனான். அது திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போனது.

கேட் அருகே அவள் ஓடிப்போய் மறித்தாள்.

"அண்ணா, விட்டுடுங்க. என் கன்னுதான்."

"அங்க கேட்டப்ப இல்லன்னியே?"

அவள் செம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சுப்பன் அவளைச் சற்றுப் பார்த்துவிட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்தான். கசங்கிப் போயிருந்த பூவை அப்போதுதான் அவள் செம்பிக்குக் கொடுத்தாள்.

வாளி சகாதேவனுக்குப் போனது. அது அவளுக்கு உறைக்கவில்லை. இல்லை என்று ஊரே கேட்கச் சொன்னாள். என்னுடையது என்று சுப்பன் காதில் மட்டும் சொன்னாள். அதுதான் உறுத்தியது.

வீட்டில் தங்கம்மாள் திட்டவில்லை. பூவைத் தொடுத்தபடியே, "அதுக்கு என்னாடி தெரியும்? நீ பழக்கினத செஞ்சுது," என்றாள்.

மறுநாள் காலையில் சந்திரகலா தபாலாபீசில் ஓர் இன்லண்டு கடிதத்தாள் வாங்கி வந்து எழுதினாள்.

"மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு, ஏழாம் வகுப்பு சந்திரகலா வணக்கத்துடன் எழுதுவது. நேற்று தலைவர் ஐயாவின் மாலையைத் தின்ற கன்று என்னுடையது. இல்லை என்று நான் சொன்னது பொய். உங்கள் நோட்டில் செம்பிக்கு ஆள் இல்லை என்று எழுதியிருந்தால், அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதிக்கொள்ளவும். பூவைக் காட்டிப் பழக்கியது நான். அதனால் செம்பிமேல் தப்பு இல்லை. பரிசு வேண்டாம். இந்தக் கடிதத்தை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாலும் சரி. அடுத்த வருஷமும் நாங்கள் வருவோம். அப்போது தலைவர் ஐயாவுக்கு மாலைக்குப் பதில் துண்டு போட்டால் நல்லது."

சோற்றுப் பருக்கையை நசுக்கி இன்லண்டை ஒட்டினாள். பிறகு செம்பியையும் அவிழ்த்துக்கொண்டு கடைத்தெரு வழியாகவே தபால் பெட்டிக்கு நடந்தாள்.

சோடாக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "மாலைய தின்னுச்சே, அந்தக் கன்னா இது? யாருதும்மா?"

"என்னுது," என்றாள் சந்திரகலா, தெரு முழுக்கக் கேட்கும்படி.

கடிதம் பெட்டிக்குள் விழுந்தது. அவள் விரலில் ஒட்டியிருந்த பருக்கையைச் செம்பி நக்கிக்கொண்டது.