வாய்க்காலில் திரும்பி வந்த சிவப்பு

சாயப்பட்டறை முதலாளி நாற்காலியில் உட்கார்ந்ததும் உட்காராததுமாகப் புலம்ப ஆரம்பித்தார். தன் தங்கை படித்துப் படித்துக் கட்டிய பிளாஸ்மா இயந்திரத்தை யாரோ கெடுக்கிறார்களாம். கழிவுநீர் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் போகும். உயர் மின்னழுத்தத்தில் உள்ளே குட்டி மின்னல்கள் வெட்டிச் சாயத்தை உடைக்கும். வெளுத்த தண்ணீர் ஒரு மூடிய தொட்டி வழியாக வாய்க்காலுக்குப் போகும். "அவ்வளவு சுத்தம், மேடம். ஜனங்க வாளியோட வந்து பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. நான்கூட வேகத்தைக் கூட்டி ஓட்டச் சொன்னேன். இப்ப கொஞ்ச நாளா வாய்க்கால் மறுபடி ரத்தச் சிவப்பு. அதிகாரிங்க பட்டறைக்குப் பூட்டுப் போட்டுடுவாங்க."

கேட்டுக்கொண்டிருந்த அம்மாள் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் பதறாததால் எல்லோருக்கும் அவர் 'நிதானம்மா'. அவர் கணவருக்கோ நிதானம் மருந்துக்கும் கிடையாது. பாதிக் கதையிலேயே, குற்றவாளி பட்டறை மேஸ்திரிதான் என்று அடித்துச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

இயந்திர அறையில் கணவர் உலோக மூடியில் கை வைக்க, விரலெல்லாம் தூசி. இயந்திரத்தைத் திறக்க வேண்டுமானால் அந்த மூடியைத்தான் கழற்ற வேண்டும் என்றார் முதலாளி. நிதானம்மா அதன் திருகாணிகளைக் குனிந்து பார்த்தார். பூசிய பெயின்ட் விரிசல்கூட விடவில்லை.

பிறகு இரண்டு வெள்ளைப் பருத்தித் துண்டுகளைக் கேட்டு வாங்கினார். ஒன்றைச் சாயத்தொட்டிக் கழிவிலும் மற்றொன்றை வாய்க்கால் தண்ணீரிலும் ஊறவைத்து, இரண்டிலும் சலவைச் சோடா போட்டு, இளஞ்சூட்டில் வைத்துவிட்டுத் தேநீர் கேட்டார். அப்புறம் சோப்புப் போட்டு நிதானமாகத் துவைத்தார். முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடி முழுகும் நேரத்தில் துணி துவைக்கவா இந்த அம்மாளைக் கூப்பிட்டோம்?

ஒருவழியாக மேஸ்திரியையும் தங்கையையும் அலுவலகத்துக்கு வரவழைத்தார்கள். மேஜைமேல் இரண்டு துண்டுகள்: ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு.

"ஒரு தடவை தொட்டியில வெந்த சாயத்துக்குப் பிடிப்பு போயிடும். அலசினா ஓடிடும். இந்த வெள்ளைத் துண்டு அந்தக் கழிவில ஊறினது. ஆனா வாய்க்கால் தண்ணி துணியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. அப்ப அது டப்பாவிலேருந்து நேரா வந்த புதுச் சாயம். மெஷின் கெட்டிருந்தா வெந்த சாயம்தான் வந்திருக்கும்; அது ஒழுங்கா வெளுக்குது. அதுக்கப்புறம் யாரோ கலக்கறாங்க."

கணவர் வெற்றியோடு மேஸ்திரியை முறைத்தார். மேஸ்திரி, தனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்றார்.

"அவரை விடுங்க," என்றார் நிதானம்மா. "தான் கட்டின மெஷின் கெட்டா, கட்டினவங்க முதல்ல திறந்து பார்ப்பாங்க. இதை யாரும் தொடவே இல்லை. கெடலைன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் திறக்கத் தோணாது."

முதலாளி தங்கையைப் பார்த்தார். அவள், தான்தான் கலந்ததாக ஒப்புக்கொண்டாள்.

"உன்கிட்ட எத்தனை தடவைண்ணா சொல்றது? நிறம் போனா சுத்தமாயிடாது. உடைஞ்ச துண்டெல்லாம் கண்ணுக்குத் தெரியாம தண்ணியிலயே கிடக்கு. சிலது சாயத்தைவிட மோசம். அதுவும் உடையற வரைக்கும் மெதுவா ஓட்டணும்னேன். நீ வேகத்தைக் கூட்டினே. ஜனங்க குடிக்கப் பிடிச்சுட்டுப் போறாங்க. குடிக்காதீங்கன்னா சிரிக்கறாங்க. வேற வழி தெரியலை. சிவப்பா இருந்தா தொடமாட்டாங்க, அவ்வளவுதான்."

வெளுத்த தண்ணீரில் சாயம் கலப்பதை அன்றே நிறுத்தச் சொன்னார் முதலாளி. மாலைக்குள் வாய்க்கால் தெளிந்தது. வாளிகளும் வந்து சேர்ந்தன. அவர் ஓடிப்போய்க் கெஞ்சினார், அதட்டினார். "கண்ணாடி மாதிரி இருக்கு, இதைப்போய் விஷம்னா யார் நம்புவா?" என்றாள் ஒருத்தி. காசுக்கு விற்கப் பார்க்கிறார் என்றாள் இன்னொருத்தி. தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

திரும்பி வந்து, தன் கையாலேயே பட்டறையின் மின்சாரத்தை நிறுத்தி, தொட்டியின் வால்வையும் மூடினார். வாய்க்கால் வற்ற, வாளிகள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வீடு திரும்பின.

அவர் தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரம் ஓட்டணும்னு சொன்னே?"